வழியில் பிடிபட்ட லோடு: தண்டத்தைக் கட்டுவதா, பேங்க் கேரண்டி கொடுப்பதா?

பெங்களூருக்கு ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிப் போன எங்கள் லாரி சில மாதங்களுக்கு முன் ஆக்சில் ஒடிந்து ஒர்க்ஷாப்பில் நின்றுவிட்டது. மறுபடி கிளம்பும்போது, சரக்கோடு இருக்கவேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் காலாவதி. காலாவதியான 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பும் போயிருந்தது. ஜிஎஸ்டி பறக்கும் படை மடக்கி, ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவில் லோடை நிறுத்தி வைத்தது. அப்போது எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள்தான். காரைக்குடிப் பக்கம் டைல்ஸ், மரச்சாமான், கண்டாங்கி என்று வெளியூர் அனுப்புகிற யாருக்கும் இது வரலாம்.

முதலில் ஒன்று. பெயரில் எழுத்துப்பிழை, பின்கோடு தவறு, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியது போன்றவை என்றால் இந்த அலசலே வேண்டாம். ஜிஎஸ்டி துறையின் 2018 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி அதற்கு 1,000 ரூபாய்தான். அதைக் காட்டிக் கேளுங்கள்.

மற்றபடி, உரிமையாளர் முன்வந்தால் தண்டம் வரியைப் போல் இரு மடங்கு. 2022 ஜனவரி 1 முதல் இப்படி. வரி 18,000 என்றால் தண்டம் 36,000. அதைக் கட்டி லோடை எடுக்கலாம். அல்லது அதே தொகைக்கு பேங்க் கேரண்டி, அதாவது பேங்க் நமக்காகத் தரும் உத்தரவாதம், கொடுத்து எடுத்துவிட்டு வழக்காடலாம்.

கேரண்டியில் பணம் கையை விட்டுப் போகாது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் பராமரிப்பு இருக்கிறது. பேங்க் டெபாசிட் கேட்கும், கமிஷன் எடுக்கும். தவணை முடியுமுன் புதுப்பிக்க மறந்தால் துறை கேரண்டியைப் பணமாக்கிக்கொள்ளலாம். வழக்கு முடியும்வரை இந்தக் கவலை கூடவே வரும். கேரண்டி கைக்கு வருவதற்குள் லாரி வாடகை ஏறும். அங்கே கொத்தனார் கல்லுக்குக் காத்திருப்பார்.

நான் கட்டினேன். கட்டத் தயங்கியதற்கு ஒரே காரணம் அதே பிரிவின் உட்பிரிவு 129(5): பணம் கட்டினால் நடவடிக்கை முடிந்ததாகக் கருதப்படும். "கட்டியாச்சுல்ல, பிறகு எதுக்கு ஆர்டர்?" என்பார்கள் அதிகாரிகள். ஆர்டர் இல்லாமல் மேல்முறையீடு எப்படிச் செய்வது?

இந்த முடிச்சை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவிழ்த்தது. ஏஎஸ்பி டிரேடர்ஸ் வழக்கு அது. ஜான்சியில் பிடிபட்ட பாக்கு லோடு; வியாபாரி ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டு, சரக்கை மீட்கத் தண்டமும் கட்டியிருந்தார். கட்டியதாலேயே உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது, காரணம் சொல்லும் எம்ஓவி-09 என்ற படிவ உத்தரவை அதிகாரி பிறப்பித்தே ஆகவேண்டும் என்றது நீதிமன்றம். சட்டத்தின் அதிகாரமின்றி வரி வசூலிக்கக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவையும் சுட்டியது. என் கணக்கில், சிறு வியாபாரிக்குக் கேரண்டியின் முக்கிய லாபம் இத்தோடு போயிற்று. வழக்காடும் உரிமைக்காகத்தானே அந்தச் சிரமமெல்லாம்?

ஆனால் சும்மா கட்டிவிட்டு வரக்கூடாது. எங்கள் ஆடிட்டர் அண்ணன் இதில் கறார்: "எழுதிக் கொடுக்காம ஒரு ரூபா கட்டாதீங்க." தண்டம் கேட்டு வரும் எம்ஓவி-07 நோட்டீசுக்குப் பதில் மனுவில், சரக்கை விடுவிக்கவே கட்டுகிறோம், குற்றத்தை ஒப்பவில்லை என்று எழுதி, ஒர்க்ஷாப் பில், பாஸ்டேக் பதிவு இரண்டையும் இணைத்தோம். இ-வே பில் காலாவதியானது மட்டுமே வரி ஏய்ப்புக்குச் சான்றாகாது என்ற சத்யம் சிவம் பேப்பர்ஸ் தீர்ப்பையும் (2022) குறிப்பிட்டோம். தெலங்கானாவில் நடந்த அந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் துறைத் தரப்புக்கு விதித்த 10,000 ரூபாய் செலவுத்தொகையோடு உச்ச நீதிமன்றம் இன்னும் 59,000 சேர்த்தது.

லட்சக்கணக்கில் தண்டம் வரும் லோடுக்கும் இதையே சொல்வேனா? அடித்துச் சொல்ல முடியாது. எங்களுடையது சின்ன லோடு. அவ்வளவு பணம் முடங்கினால் தொழிலே நிற்கும் என்பவர் கேரண்டியைத்தான் பார்க்க வேண்டும். கேரண்டி வழியில் நான் போனதில்லை; அதன் அலைச்சல் பற்றி எழுதியது பேங்க்கில் விசாரித்ததை வைத்து.

எந்த வழியானாலும் தண்டம் விதிக்கும் உத்தரவு கைக்கு வந்து 15 நாள் தாண்டக்கூடாது. தாண்டினால் துறை சரக்கை விற்றுவிடலாம். மேல்முறையீட்டுக்கு 3 மாதம். எங்கள் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.