பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சட்ட வகுப்பு: காரைக்குடியில் இரண்டு நாள், 600 ரூபாய்

காரைக்குடியில் ஆள்சேர்ப்புக்கு ஓட்டமும் புல்-அப்ஸும் பழக்கும் மையங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்று, தேர்வாகி அழைப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் சட்ட வகுப்பு நடத்துகிறது. மதியச் சாப்பாடும் 48 பக்கக் கையேடும் கட்டணத்தில் அடக்கம். படைவீரனின் விசுவாசம் யாருக்கு, படைக்கு மேலே யார், அரசியல் பேச அவனுக்கு எவ்வளவு இடம் என்பதுதான் பாடம். முதல் நாளை ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரும் இரண்டாம் நாளை ஒரு வழக்கறிஞரும் எடுக்கிறார்கள்.

நடக்கும் இடம் பழைய செட்டிநாட்டு வீட்டின் பட்டாலை, அதாவது தூண்கள் வைத்த கூடம். பார்க்க அழகு, கேட்கத் தொல்லை. மைக் வைத்தால் தூணுக்குத் தூண் குரல் எதிரொலிக்கிறது. முன் இரண்டு வரிசையில் பாய் பிடிப்பது நல்லது.

முதல் நாள் காலை உறுதிமொழி. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை வரிவரியாகப் பிரித்துச் சொல்கிறார் சுபேதார். உண்மையாக இருப்பேன் என்று உறுதி சொல்வது அரசியலமைப்புக்கு. பிரதமர், கட்சி, ஜெனரல் என்று எவர் பெயரும் அதில் இல்லை. அதற்குப் பிறகுதான் நிலம், கடல், வான் எந்த வழியாக அனுப்பினாலும் போவேன், உயிருக்கே ஆபத்தானாலும் மேலதிகாரியின் எல்லா ஆணைகளுக்கும் கீழ்ப்படிவேன் என்பது வருகிறது. அதோடு நிற்காமல் 41-ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். தண்டனை இருப்பது ‘சட்டப்படியான ஆணை’யை மீறினால்தான். போர்ப்பணியில் இருக்கும்போது 14 ஆண்டு வரை போகக்கூடிய குற்றம் அது. ‘எல்லா ஆணையும்’ என்ற உறுதிமொழிக்கும் ‘சட்டப்படியான’ என்ற ஒற்றைச் சொல்லுக்கும் நடுவில்தான் விசுவாசத்தின் எல்லை இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் புரியவைப்பது லேசான காரியமில்லை. இவர் புரியவைக்கிறார்.

இந்த மண்ணின் உதாரணத்தையும் எடுத்திருக்கலாம். 1801-இல் மருது சகோதரர்கள் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் ஒட்டிய அறிக்கை, கும்பெனிச் சம்பளம் வாங்கிய சுபேதார், ஹவில்தார், சிப்பாய்களையும் சேர்த்துத்தான் அழைத்தது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் தொடங்கிய இந்திய தேசிய ராணுவ வழக்கில் மூன்று அதிகாரிகள் மீது வந்த குற்றச்சாட்டு, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது. உறுதிமொழி யாருக்கு என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு, மருதுகள் தூக்கிலிடப்பட்ட பக்கத்துத் திருப்பத்தூரை வைத்துக்கொண்டே பாடம் நடத்தலாம். வகுப்பில் அந்தப் பேச்சே இல்லை.

பிற்பகல், படைக்கு மேல் மக்களாட்சி. இரண்டு நாளில் சிறந்த மணிநேரம் இதுதான். அரசியலமைப்பின் 53(2) படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அது சட்டத்துக்கு உட்பட்டது. 74-இன்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறார். 1955-இல் ‘கமாண்டர்-இன்-சீஃப்’ என்ற பதவிப்பெயரே எடுக்கப்பட்டு ‘ராணுவத் தலைமைத் தளபதி’ ஆனது. 1959-இல் தளபதி திம்மையா ராஜினாமா கொடுத்து, நேரு பேசியதும் திரும்பப் பெற்றார். 1998 டிசம்பரில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை அரசு பதவியிலிருந்தே நீக்கியது. யார் பக்கம் நியாயம் என்று சுபேதார் பேசவில்லை. இரண்டு முறையும் முடிவு அமைச்சரவையோடு முடிந்தது, பீரங்கி வரை போகவில்லை என்பதை மட்டும் காட்டி நகர்ந்துவிடுகிறார்.

அதைவிடப் பயனுள்ளது, கலவரம் அடக்க ராணுவம் வரும் முறை. ராணுவம் தானாக ஊருக்குள் வருவதில்லை. ஆட்சியர் போன்ற நிர்வாக நடுவர் (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்) கேட்க வேண்டும். எத்தனை பேர், எந்த ஆயுதம், எப்படி என்பதைப் படை அதிகாரி தீர்மானிக்கலாம், ஆனால் முடிந்தவரை குறைந்த பலமே. நடுவரைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் மட்டும் ஆணைபெற்ற அதிகாரி தாமே இறங்கலாம்; முடிந்த உடனே தொடர்புகொண்டு அவர் சொல்படி நடக்க வேண்டும். இங்கே கையேடு சறுக்குகிறது. 2024 ஜூலை 1-இலிருந்து இவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149, 150-ஆம் பிரிவுகள். கையேட்டில் இன்னமும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130, 131 எண்களே. படையினரைக் கலகத்துக்குத் தூண்டும் குற்றத்துக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 159 என்று போடாமல் பழைய தண்டனைச் சட்டத்தின் 131 என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பழைய கையேட்டுக்குப் புது அட்டை போட்டதோடு சரி.

இரண்டாம் நாள் சுருதி இறங்குகிறது. “தம்பி, வாயைத் திறந்தா வேலை போச்சு” என்ற ஒரே வரியை மூன்று மணிநேரம் நீட்டுகிறார் வழக்கறிஞர். பயம் ஏறுகிறது, விவரம் ஏறவில்லை. சட்டம் இதைவிடத் துல்லியமானது. படையினரின் அடிப்படை உரிமையைச் சுருக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33-ஆவது உறுப்பு நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுக்கிறது. கம்பெனி கமாண்டரின் விருப்பத்துக்கு இல்லை. ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் 1954-ஆம் ஆண்டு விதிகளில் 19, 20, 21-உம் எந்தக் கதவுகள் மூடியவை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

19: படையின் அங்கமாக ஏற்கப்படாத சங்கம் எதிலும் மத்திய அரசின் அனுமதியின்றிப் பங்கெடுக்கக் கூடாது. மதம், பொழுதுபோக்கு சார்ந்ததென்றால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி போதும். அதாவது லீவில் வந்து கோயில் திருப்பணிக் குழுவில் பொறுப்பேற்கவும் முதலில் எழுதி வாங்க வேண்டும்; சாதிச் சங்கப் பொறுப்பு நினைக்கவே வேண்டாம். 20: கட்சிக் கூட்டம், ஊர்வலம், உறுப்பினர் அட்டை, நன்கொடை, வேட்பாளராக அறிவிப்பது, வேட்பாளருக்காக வேலை செய்வது எல்லாம் தடை. 21: அரசியல் பற்றியோ படைப்பணி பற்றியோ முன் அனுமதியின்றி எந்த வடிவிலும் வெளியிடுவதும் பத்திரிகைக்குச் சொல்வதும் தடை.

நம் பக்கத்தில் ஆபத்து வருவது ஃபிளக்ஸ் வழியாக. மஞ்சுவிரட்டுக்கும் திருவிழாவுக்கும் நண்பர்கள் வைக்கும் பேனரில் கட்சித் தலைவர் நடுவில், சீருடையில் நம் பையன் மூலையில். அவன் சியாச்சினில் இருப்பான். படம் ஸ்டேட்டஸில் சுற்றும். விளக்கம் கேட்டு முதல் கடிதம் அவனுக்குத்தான் போகும். 2019 மார்ச்சில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கே படையினர் படத்தைப் பிரசாரத்தில் போடாதீர்கள் என்று அறிவுறுத்தியது. வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிவிட்டுப் போ என்று ஒரு வரி சொன்னால் போதும், மூன்று மணிநேரப் பயமுறுத்தல் தேவைப்படாது. பத்துப் பேர் உள்ள வாட்ஸ்அப் குழு தனிப்பேச்சு என்று வழக்கறிஞர் சொன்னதும் சரியில்லை. ‘எந்த வடிவிலும்’ என்பது விதியின் வாசகம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். விதியில் நேராகச் சிக்காததையும் நல்லொழுங்கைக் கெடுத்ததாக ராணுவச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் கொண்டுவரலாம்; உச்சம் 7 ஆண்டு.

2017-இல் சாப்பாட்டைப் பற்றிக் காணொளி போட்டு வேலையிழந்தவரை ‘ராணுவ வீரர்’ என்று வழக்கறிஞர் உதாரணம் காட்டியது தப்பு. அவர் எல்லைப் பாதுகாப்புப் படை. உள்துறையின் கீழ், 1968-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். 2019-இல் வாரணாசியில் அவர் வேட்புமனு தள்ளுபடியானது, பணிநீக்கம் ஊழலுக்கோ அரசுக்கு விசுவாசமின்மைக்கோ அல்ல என்ற தேர்தல் ஆணையச் சான்றை இணைக்காததால். இந்த வித்தியாசம் இங்கே முக்கியம். இலுப்பைக்குடி இந்தோ–திபெத் எல்லைக் காவல் படைக்குப் போகிற பிள்ளைக்கும் வேறு சட்டம். மாறாக, எல்லைச் சாலைப் பணிக்கான ‘கிரெஃப்’ படையையும் 33-ஆவது உறுப்புக்குள் அடங்கியதாக உச்ச நீதிமன்றம் 1983-இல் விஸ்வன் வழக்கில் சொல்லியிருக்கிறது.

பெரிய குறை, திறந்திருக்கும் கதவுகளை வகுப்பு காட்டாதது. ராணுவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி சிப்பாய் தன் கமாண்டருக்குப் புகார் எழுதலாம். அவர்மீதே புகார் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரிக்கு. பெறுபவர் முழுமையாக விசாரிக்கக் கடமைப்பட்டவர். தெரிந்தே பொய் எழுதினாலோ முக்கிய விவரத்தை மறைத்தாலோ 56-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை. ஆகவே தேதியும் கண்ணால் கண்டதும் மட்டும் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் முடிவு வரவில்லையென்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

வாக்குரிமை பற்றி ஒரு சொல் இல்லை. கட்சி பேச முடியாதவனுக்கு வாக்கு முழுதாக உண்டு. படிவம் 2 நிரப்பி யூனிட் வழியாகச் சொந்த ஊர்த் தொகுதியில் பணி வாக்காளராகப் பதியலாம். வாக்குச்சீட்டு மின்வழியில் யூனிட்டுக்கு வரும். குறியிட்டு 13பி உள்ளுறையில் வைத்து ஒட்ட வேண்டும். அதிகாரி சான்றொப்பமிட்ட 13ஏ உறுதிமொழியை அந்த உள்ளுறைக்குள் போட்டால் வாக்கு செல்லாது. இரண்டையும் சேர்த்து 13சி வெளியுறையில் வைக்க வேண்டும். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு உறையையும் உறுதிமொழிப் படிவத்தையும் கையில் கொடுத்து ஒருமுறை செய்யவைத்தால் பத்து நிமிட வேலை.

முதல் நாளுக்கு மட்டும் 350 ரூபாய்க்கு அனுமதிக்கிறார்கள், கையேடு கிடையாது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிழை திருத்தும் வரை கையேட்டை இழப்பது நஷ்டமில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செட்டிநாட்டு இனிப்பான கும்மாயம் வரும் நாளில் சீக்கிரம் வரிசையில் நிற்கவும்.