இடமதிப்பு வில்லைப் பெட்டி: பத்துப் பத்தாக இருந்தால் போதாது

தொடக்கநிலை 2 பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லித்தர விற்கும் பெட்டி. 1, 10, 100 என்று அச்சிட்ட வட்ட வில்லைகள், மூன்று பத்தி போட்ட விரிப்பு ஒன்று. வில்லை நல்ல கனம், மேசையில் வழுக்காது. ஆனால் ஒவ்வொரு மதிப்பிலும் பத்தே பத்துதான். கோளாறு அங்கேதான்.

52-இலிருந்து 27-ஐக் கழிப்போம். விரிப்பில் ஐந்து பத்துகள், இரண்டு ஒன்றுகள். (27-க்கு வில்லை அடுக்கவே கூடாது, அடுக்கினால் பிள்ளை இரண்டையும் சேர்த்து எண்ண ஆரம்பித்துவிடும்.) இரண்டில் ஏழு போகாது. ஒரு பத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பத்து ஒன்றுகளை எடுக்கப் போனால், உள்ளே இருப்பது எட்டு! மூன்று இலக்கக் கழித்தலை வலமிருந்து இடமாகச் செய்ய, அதிகபட்சம் 18 ஒன்றுகள், 18 பத்துகள், 9 நூறுகள் வேண்டும். ஆக, இரண்டு பெட்டி வாங்கணும். இல்லையென்றால் பத்து வெள்ளி நோட்டும் ஒரு வெள்ளி நாணயமும் இதே வேலையைச் செய்யும். சில்லறை மாற்றுவது பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். ‘கடன் வாங்குவது’ என்று சொன்னால்தான், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்கும். பள்ளியில் இப்படி மாற்றுவதற்கு ‘ரீகுரூப்பிங்’ என்று பெயர்.

வில்லை நகர்ந்த உடனே நோட்டுப் புத்தகத்திலும் எழுத வேண்டும்: 5-ஐ அடித்து மேலே 4, 2-க்கு மேலே 12. எல்லாம் முடிந்த பிறகு எழுதவிட்டால் வில்லை தனி, கணக்கு தனி என்றாகி, ஏழில் இரண்டைக் கழித்து 35 என்று போடும் பழக்கம் அப்படியே இருக்கும்.

403 − 157 மாதிரி நடுவில் பூஜ்யம் வந்தால்தான் பெட்டியின் அருமை தெரிகிறது. பத்துகள் பத்தி காலி. முதலில் ஒரு நூறு பத்துப் பத்துகளாகிறது. அதில் ஒன்று பத்து ஒன்றுகளாகிறது. இப்போது 3 நூறுகள், 9 பத்துகள், 13 ஒன்றுகள். அந்த 9 எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்கவே வேண்டாம், கண்ணெதிரே கிடக்கிறது. விடை 246.

தொடக்கநிலை 1-க்கு இதை வாங்க வேண்டாம். 10 வில்லையும் 1 வில்லையும் ஒரே அளவு. பத்துக்குள் பத்து ஒன்றுகள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, தேவைப்படும்போது கட்டை அவிழ்ப்பதே மேல்.

இன்னொரு குறை: அச்சு ஒரு பக்கம்தான். கவிழ்ந்த வில்லை எந்த மதிப்பென்று தெரியாது. பின்பக்கம் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள்.