பிக்சர்டு ராக்ஸ் கிளாம்பிங்: கூடாரம் சரி, 'டே ட்ரிப் பேக்கேஜ்' பக்கம் போகாதீர்கள்

மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்துக்கு, சுப்பீரியர் ஏரிக்கரையில் வண்ணப் பாறைக் குன்றுகள் நிற்கும் பிக்சர்டு ராக்ஸ் பூங்காவைப் பார்க்கக் கிளாம்பிங் (கட்டில், அடுப்பு வசதியுள்ள கூடாரத் தங்கல்) போகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. கூடாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டில், மரத்தரை, விறகு அடுப்பு எல்லாம் படத்தில் காட்டியபடியே இருந்தன. பணம் போனது வேறு இடத்தில். புக்கிங் பக்கத்தின் கடைசியில் 'விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு மூன்று நாள் சுற்றுலா பேக்கேஜ் இருக்கும். ஜூன் கடைசியில் சிகாகோவிலிருந்து போன இரண்டு குடும்பங்கள், மொத்தம் எட்டுப் பேர், அதை டிக் செய்தார்கள்.

வாங்கியது இதுதான். முதல் நாள் படகில் வண்ணப் பாறைகள், இரவு நட்சத்திர உலா. இரண்டாம் நாள் காயாக், மாலையில் கரையில் கல் பொறுக்குதல். மூன்றாம் நாள் டக்வாமெனன் அருவி, கிட்ச்-இட்டி-கிப்பி ஊற்று, மேக்கினா தீவு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வரைபடத்தையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஓர் ஓட்டை.

முதலில் 'பிக்சர்டு ராக்ஸ் அருகில்' என்ற சொல். அந்தப் பூங்கா முனிசிங்கிலிருந்து கிராண்ட் மராய் வரை ஏரியோரமாக 42 மைல் நீளம். கிராண்ட் மராய் பக்கம் கூடாரம் போட்டவரும் 'அருகில்' என்றுதான் எழுதுவார், அது பொய்யும் இல்லை. ஆனால் பாறைகளைக் காட்டும் பெரிய படகுகள் கிளம்புவது முனிசிங்கிலிருந்து. இரண்டு ஊர்களையும் இணைக்கும் எச்-58 சாலை வளைந்து வளைந்து போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. அதனால் எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். டிக்கெட்டையும் வரைபடத்தையும் முன்னாடியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு மணி நேரக் கணக்கு. சிகாகோ, விஸ்கான்சின், மினசோட்டா எல்லாம் சென்ட்ரல் நேரம். மேல் தீபகற்பத்தில் விஸ்கான்சினை ஒட்டிய நான்கு கவுண்டிகள் (மாவட்டங்கள்) மட்டும் சென்ட்ரல், முனிசிங் ஈஸ்டர்ன், அதாவது ஒரு மணி நேரம் முன்னே. கிரீன் பே, மெனாமினி, எஸ்கனாபா வழியாக வருகிறவர்கள் கவனிக்காமலே அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள். பேக்கேஜ்காரர் அனுப்பிய அட்டவணையில் எந்த நேரம் என்று குறிப்பே இல்லை. வீட்டில் உட்கார்ந்து சென்ட்ரல் நேரத்தில் பயணத்தைத் திட்டமிட்டவர்கள் படகுத்துறைக்கு வந்தபோது படகு போய்விட்டிருந்தது.

அதற்குப் பதிலாக ஏற்றிவிட்டது அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகில். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அந்தப் படகுகள் நல்ல படகுகள்தான், ஆனால் அது வேறு சுற்றுலா. கிராண்ட் தீவைச் சுற்றி முழுகிக் கிடக்கும் பழைய கப்பல்களையும், 1868-ல் கட்டிய மரக் கலங்கரை விளக்கத்தையும் காட்டுவார்கள். வண்ணப் பாறைகளுக்காக ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு அது பதிலாகாது. டிக்கெட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ஷிப்ரெக்' என்று இருந்தால் பாறைகள் இல்லை.

பாறைப் படகிலும் எந்த நேரம் என்பது முக்கியம். 50 முதல் 200 அடி உயரமுள்ள அந்தக் குன்றுகள் பெரும்பாலும் வடமேற்கு நோக்கி நிற்பவை. காலையில் முகம் நிழலில் இருக்கும். இரும்பின் சிவப்பு, செம்பின் பச்சை, மாங்கனீஸின் கருப்பு எல்லாம் துலங்குவது பிற்பகல் வெயில் நேராக விழும்போது. பேக்கேஜ்களில் அதிகம் வருவது காலைப் படகு, ஏனென்றால் மாலைப் படகுகள்தான் முதலில் விற்றுத் தீரும். படகு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக, உங்கள் பெயரில் எடுங்கள். காற்று பலத்துப் படகு ரத்தானால் பணம் திரும்புவது வாங்கினவர் கணக்குக்கு. பேக்கேஜில் 'வாங்கினவர்' நீங்கள் இல்லை, கூடாரக்காரர்.

நட்சத்திர உலா கதை இன்னும் வேடிக்கை. அட்டவணையில் இரவு 9.30 என்று போட்டிருந்தது. முனிசிங் ஈஸ்டர்ன் நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் கிடக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவதே 9.45 சுமாருக்கு. வானம் முழுசாக இருட்ட நள்ளிரவு தாண்டவேண்டும். வெயிலில் நின்று நட்சத்திரம் பார்க்கக் காசு! வட துருவ ஒளி தெரியும் என்று கோடைகால விளம்பரங்களில் போடுவதும் இந்த ரகம். குறுகிய இரவுகளில் வாய்ப்பு குறைவு, உறுதி தர யாராலும் முடியாது.

இரண்டாம் நாள் காயாக், இதை அலட்சியமாக விடக்கூடாது. வந்திறங்கியவை குளத்தில் ஓட்டும் குட்டைப் படகுகள். சுப்பீரியர் ஏரிக்குப் பூங்கா நிர்வாகம் சொல்வது, பதினாறு அடிக்குக் குறையாத கடல் காயாக், உள்ளே தண்ணீர் புகாத தடுப்பறைகள், உட்காரும் இடத்தை இடுப்போடு சேர்த்து மூடும் உறை. காரணம் எளிது. குட்டைப் படகில் ஓர் அலை உள்ளே விழுந்தால் படகு முழுவதும் நிரம்பிவிடும், தண்ணீரில் நின்றபடி அதை இறைக்க முடியாது, திரும்ப ஏறவும் முடியாது. தண்ணீர் ஜூனிலும் எலும்பைக் குத்தும் குளிர். குன்றுகளுக்குக் கீழே நீண்ட தூரத்துக்குக் கரையேற மணல் கிடையாது. போதாததற்குப் பாறை சரிவதும் உண்டு. மைனர்ஸ் காசில் என்ற பாறையின் இரண்டு தூண்களில் ஒன்று 2006-ல் உடைந்து ஏரியில் விழுந்தது.

தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கி ஆள் கூட்டிப்போகிறவர் பூங்கா நிர்வாகத்திடம் வணிக அனுமதி வாங்கியிருக்கவேண்டும். சுருக்கமாக சி.யு.ஏ. என்பார்கள். வழிகாட்டியின் நிறுவனப் பெயரைக் கேட்டு, பூங்கா தளத்தில் இருக்கும் அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை. 'எங்கள் ஆள்தான், உள்ளூர்க்காரர்' என்ற பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அன்று வடக்குக் காற்று, அதனால் காயாக் நடக்கவில்லை. நல்லவேளை என்றுதான் சொல்லவேண்டும். பணம் திரும்பவில்லை, மறுநாளுக்கு, மேல்காசு கொடுத்தால் எட்டுப் பேரையும் ஒரே பொன்டூன் படகில் (மிதவைகள்மேல் தட்டையான தளம் கொண்ட படகு) ஏற்றிப்போவதாகச் சொன்னார்கள். அமெரிக்கச் சட்டப்படி காசு வாங்கி ஆறு பேருக்கு மேல் ஏற்றும் படகுக்குக் கடலோரக் காவல்படையின் ஆய்வுச் சான்றிதழ் வேண்டும், அது படகில் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டியிருக்கும். அதைக் கேட்டதும் படகு 'ரிப்பேர்' ஆகிவிட்டது.

கல் பொறுக்கும் சுற்றுலா பற்றி ஒரே விஷயம். புற ஊதா விளக்கில் தணல்போல ஒளிரும் சோடலைட் கற்கள் இந்த ஏரிக்கரையில் உண்டு, பார்க்க அழகு. ஆனால் பிக்சர்டு ராக்ஸ் எல்லைக்குள் ஒரு கூழாங்கல்கூட எடுக்கக்கூடாது. பிடிபட்டால் அபராதம் எடுத்தவருக்குத்தான், கூட்டிவந்தவருக்கு இல்லை. வெளியே மாநில நிலத்தில் ஒருவர் ஓர் ஆண்டுக்கு 25 பவுண்டு வரை எடுக்கலாம். எந்தக் கரை என்று இடத்தின் பெயரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

மூன்றாம் நாளை நாமே கூட்டிப் பார்க்கலாம். முனிசிங்கிலிருந்து டக்வாமெனன் மேல் அருவி ஏறக்குறைய 90 மைல். அங்கிருந்து கிட்ச்-இட்டி-கிப்பி நூறு மைலுக்கு மேல். அங்கிருந்து தீவுக்குப் படகு கிளம்பும் செயின்ட் இக்னஸ் இன்னொரு நூறு. திரும்பி முனிசிங் 120. மொத்தம் நானூறு மைலைத் தாண்டும், வண்டியிலேயே எட்டு மணி நேரம். அருவியில் அரை மணி, ஊற்றில் இருபது நிமிடம், தீவுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். 1898 முதல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை உள்ள தீவு அது. நடந்தோ, சைக்கிளிலோ, குதிரை வண்டியிலோதான் சுற்றவேண்டும். கரையைச் சுற்றிய சாலை மட்டும் 8 மைலுக்குக் கொஞ்சம் மேல். கடைசிப் படகைப் பிடிக்கும் பதற்றத்தில் ஒரு ஃபட்ஜ் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குப் போகாமலே இருக்கலாம். அருவிக்கு ஒரு நாள், தீவுக்கு ஒரு நாள். ஊற்றை சிகாகோ திரும்பும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம். முனிசிங்கிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

அந்த ஊற்றில் நடந்ததுதான் பச்சைக் கொள்ளை. கிட்ச்-இட்டி-கிப்பி 200 அடி அகலம், 40 அடி ஆழம், நிமிடத்துக்குப் பத்தாயிரம் காலனுக்கு மேல் தண்ணீர் பொங்கும் தெளிந்த ஊற்று. நடுவே போக மாநிலப் பூங்கா ஒரு மிதவை வைத்திருக்கிறது. கம்பியைப் பிடித்துச் செல்லும் சக்கரத்தை நாமே சுற்றவேண்டும், தனிக் கட்டணம் கிடையாது. பேக்கேஜில் அதற்கு 'கைடட் ராஃப்ட் டூர்' என்று பெயர் வைத்து எட்டுத் தலைக்கும் காசு வாங்கியிருந்தார்கள். ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறைக்க டிக்கெட் போட்ட கதை. இங்கே உங்களுக்கு வேண்டியது வண்டிக்கு 'ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்' என்ற மாநிலப் பூங்கா நுழைவு பாஸ் மட்டும். டக்வாமெனனுக்கும் அதுவே போதும். பிக்சர்டு ராக்ஸ் தேசியப் பூங்கா அமைப்பைச் சேர்ந்தது, அதற்கு வண்டி பாஸ் தனி: ஏழு நாளுக்கு 25 டாலர். ஒன்றை வைத்து மற்றதில் நுழைய முடியாது. 'எல்லா நுழைவுக் கட்டணமும் அடக்கம்' என்றால் எந்தெந்தப் பாஸ் என்று எழுத்தில் கேளுங்கள்.

பாஸை வைத்துக்கொண்டு காசில்லாமல் பார்க்க நிறைய இருக்கிறது. மைனர்ஸ் காசிலுக்கு வண்டியிலேயே போகலாம். முனிசிங் அருவி 50 அடி, தார் போட்ட சின்ன நடை. சேப்பல் நடைபாதைக்கு ஜூலையில் காலையிலேயே வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடும். லாக் ஸ்லைடு மணல் சரிவில் இறங்குவது நிமிடங்களில் முடியும், ஏறிவர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், குழந்தைகளோடு இறங்காதீர்கள்.

இனிப் பணம். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் குறுகிய காலத் தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும். 'விருப்ப' பேக்கேஜ் அந்தக் கணக்கில் வராது, அதனால்தான் சுரண்டல் அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. டிக் செய்துதான் ஆகவேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். ஸெல், வென்மோ போன்ற பணம் அனுப்பும் ஆப்களில் நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பிய பணம் போனது போனதுதான்.

புக்கிங் பக்கத்தைக் கட்டும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு விளம்பரம் மாறிவிடும். நடக்காத சுற்றுலாவுக்கு அன்றே, பேசாமல், செய்தியாக எழுதி ரீஃபண்ட் கேளுங்கள். மறுத்தால் வங்கியில் 'சேவை வழங்கப்படவில்லை' என்று புகார். அந்தக் கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேரவேண்டும். மொத்த பேக்கேஜையும் மறுக்காதீர்கள், படகில் ஏறியது உண்மை என்று அவர்கள் காட்டினால் முழுப் புகாரும் விழுந்துவிடும். காயாக், மிதவை, நட்சத்திர உலா என்று தனித்தனித் தொகையாகப் பிரித்துக் கேளுங்கள். விலை பிரித்துத் தராத பேக்கேஜ் என்றால், அந்தப் பிரிப்பைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.