மறுசுழற்சி வண்டி நன்று, கண்ணாடிக்கும் இடம் வேண்டும்

எங்கள் புறநகருக்கு வரும் மறுசுழற்சி வண்டி நேரம் தவறுவதில்லை, ஊழியர்களும் பொறுமையானவர்கள். அட்டை, செய்தித்தாள், அலுமினிய டின், அடியில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் 1, 2 எண்ணிட்ட பிளாஸ்டிக் (தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில் போன்றவை) எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடியை மட்டும் தொடுவதில்லை. தரம் குறையாமல் மறுபடி மறுபடி உருக்கி வார்க்கக்கூடிய பொருளைக் குப்பைமேட்டில் புதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உடைந்த சில்லுகள் காகிதத்தில் கலந்து அதைப் பாழாக்கும் என்கிறார்கள். நியாயமான கவலைதான், தெருமுனையில் தனித்தொட்டி வைத்தால் தீர்ந்துவிடுமே! வண்டி எடுக்கும் பட்டியலில் 5 எண்ணிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களையும் சேர்க்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்த வண்டியே வருவதில்லை. கார் ஓட்டாத முதியவர்கள் மறுசுழற்சிப் பொருட்களை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? வரி அவர்களும்தான் கட்டுகிறார்கள். சேவையை விரிவாக்கக் கோரி கையெழுத்து திரட்டத் தொடங்கியிருக்கிறேன்.