மவுஸை டிராயரில் வைத்த பிறகு: மூன்று ஆண்டுகளுக்கு மேல் நியோவிம்

2022 ஜூனில் என் வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சர்வர் பக்க நிரல் எழுதும் வேலை. நாள் முழுக்கக் கை கீபோர்டுக்கும் மவுஸுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர். இருபது வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் மேசையில் மவுஸே இருக்காது. நான் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மவுஸை எடுத்து டிராயர்ல போட்டுட்டு ஒரு மாசம் விம்ல வேலை பாரு" என்றார். விம் என்பது கீபோர்டாலேயே இயக்கக்கூடிய உரை எடிட்டர்; நியோவிம் அதிலிருந்து பிரிந்து வளர்ந்தது.

"வேலை தாமதமாகுமே அக்கா?"

"ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் கை தானா போகும்."

அந்த இரண்டு வாரம் உண்மையிலேயே கடினமாக இருந்தது. ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆனால் அவர் சொன்னபடி கை போகத் தொடங்கியது, இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது. வலி குறைந்ததில் மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சிக்கும் பங்கு உண்டு. முழுப் புகழையும் ஒரு எடிட்டருக்குக் கொடுக்க மாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது விம்மோடு வரும் விம்டியூட்டர். அரை மணி நேரப் பாடம் அது. நான் அதை முதல் வாரத்தில் ஐந்து முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறொன்று பிடிபட்டது. கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இது ஒரு சின்ன மொழி. டி என்றால் நீக்கு, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகலெடு: இவை வினைகள். டபிள்யூ என்றால் சொல், பி (p) என்றால் பத்தி, மேற்கோள்குறி என்றால் மேற்கோளுக்குள் இருப்பது: இவை பெயர்கள். நடுவில் ஐ வந்தால் உள்ளே இருப்பது மட்டும், ஏ வந்தால் சுற்றியிருப்பதும் சேர்த்து. சி, ஐ, மேற்கோள்குறி என்று மூன்று விசை தட்டினால் மேற்கோளுக்குள் உள்ளது அழிந்து, அங்கேயே எழுதத் தயாராகக் கர்சர் நிற்கும். புதிதாக ஒரு பெயர் தெரிந்துகொண்டால் ஏற்கெனவே தெரிந்த எல்லா வினைகளோடும் அது உடனே சேர்ந்துகொள்ளும். இதற்கு மேல் புள்ளி விசை. கடைசியாகச் செய்த மாற்றத்தை அப்படியே இன்னொரு இடத்தில் செய்துதரும். இந்த ஒரு விசைக்காகவே விம் கற்கலாம் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

தமிழனாக எனக்கு இதில் ஒரு சின்ன இடறல் இருந்தது. நாம் 'சொல்லை அழி' என்போம். பெயர் முதலில், வினை கடைசியில். விம்மில் வினை முன்னால் வரும். ஹீலிக்ஸ் என்று இன்னோர் எடிட்டர் இருக்கிறது, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அதில் முதலில் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம், பிறகு அழிக்கிறோம். நம் வாக்கிய வரிசை! எதை அழிக்கப்போகிறோம் என்பது முன்பே திரையில் தெரிவதால் தவறும் குறைவு. இரண்டு மாதம் அதில் மகிழ்ச்சியாக வேலை பார்த்தேன். ஆனால் நான் உள்நுழையும் சர்வர்களில் எல்லாம் இருப்பது விம்முக்கு முன்னோடியான விஐ அல்லது விம்தான். பகலில் ஒரு வரிசை, இரவு அவசர அழைப்பில் வேறு வரிசை என்று கை குழம்பியது. திரும்பிவிட்டேன். சொந்தக் கணினியில் மட்டும் வேலை செய்கிறவர்கள் ஹீலிக்ஸைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

அமைப்புகளை மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே நான் செய்ததும், எல்லோருக்கும் சொல்வதும் ஒன்றுதான்: கேப்ஸ் லாக்கை எஸ்கேப் ஆக மாற்றுங்கள். விம்மில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு; எழுதி முடித்துக் கட்டளைக்குத் திரும்ப எஸ்கேப்தான் அழுத்த வேண்டும். பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் விஐயை உருவாக்கியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் (திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி) எஸ்கேப் விசை இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. விம்மில் கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இந்த எடிட்டர் அந்தக் கீபோர்டுக்காகப் பிறந்தது. இன்றைய கீபோர்டில் மூலைக்குப் போய்விட்ட எஸ்கேப்பை நாமே பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும்.

அடுத்து நான் செய்தது பெரிய தவறு. நியோவிம்முக்கு மாறியதும் யாரோ லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய எண்ணூறு வரி அமைப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். வண்ணமயமாக இருந்தது. எந்த விசை எதைச் செய்கிறது என்று தெரியாது. நான்கு மாதம் கழித்து, ஒரு வெளியீட்டு நாள் மாலையில், செருகுநிரல்கள் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்கள்) எல்லாவற்றையும் புதுப்பித்தேன். மறுபடி திறந்தால் திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்திகள். எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. அக்காதான், "அதைத் தள்ளிவச்சிட்டு வெறும் விம்ல திற, வேலைய முடி" என்று காப்பாற்றினார்.

அந்த வாரக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கினேன். ஒரே எரிச்சல் மூன்று நாள் தொடர்ந்து வந்தால்தான் அதற்கு ஒரு வரி சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இப்படித்தான் கர்சரிலிருந்து எண்ணும் வரி எண்கள் வந்தன. கோப்பை மூடித் திறந்த பிறகும் பழைய மாற்றங்களைத் திரும்பப் பெற உதவும் அன்டூஃபைல் வந்தது. தேடலில் பெரிய எழுத்து போட்டால் மட்டும் எழுத்து வேறுபாடு பார்க்கும் ஸ்மார்ட்கேஸ் வந்தது. ஸ்பேஸ் விசை லீடர் ஆனது, அதாவது என் சொந்தக் குறுக்கு விசைகளைத் தொடங்கிவைக்கும் விசை. செருகுநிரல்கள் ஆறுதான், அவற்றின் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கோப்பையும் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) சேர்த்துவிட்டேன். இப்போது என் அமைப்பு நூற்று அறுபது வரி. 2024 மே மாதம் வந்த 0.10 பதிப்பில் வரிகளைக் கமென்ட் ஆக்கும் (இயங்காத குறிப்பாக மாற்றும்) வசதி உள்ளேயே வந்துவிட்டது. 2025 மார்ச்சில் வந்த 0.11இல் எல்எஸ்பியை (நிரலில் பிழைகளையும் பெயர்களையும் எடிட்டருக்குச் சொல்லும் வசதி) இயக்குவது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் என் கோப்பு இளைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் விம்மை உருவாக்கிய பிராம் மூலெனார் இறந்த செய்தி வந்தது. அன்று அக்கா எதுவும் பேசாமல் வெற்று விம்மைத் திறந்து, அந்த முதல் திரையைக் காட்டினார். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வரி. 1991இல் அமிகா கணினிக்காக முதலில் வெளியிட்டதிலிருந்து கடைசிவரை அவர் அதைக் கவனித்துக்கொண்டார். விலை கேட்கவில்லை, அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். அந்த வரியை அதுவரை நான் ஒருமுறையும் படித்ததில்லை. அன்றுதான் முதல் தொகையை அனுப்பினேன்.

இனி எனக்கு மிக முக்கியமான பகுதி, தமிழ். என் நாட்குறிப்பும் வீட்டுக் கணக்கும் தமிழில்தான். தமிழ்99 கீபோர்டு அமைப்பில் எச், ஜே, கே, எல் விசைகள் க, ப, ம, த. தமிழ் உள்ளீட்டை மாற்ற மறந்து எஸ்கேப் அழுத்திவிட்டு ஜே தட்டினால் கர்சர் கீழே போகாது. ப என்ற எழுத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளத் தெரியாமல் விம் நிற்கும். நாளுக்கு நூறு முறை மொழி மாற்றிக்கொண்டிருந்தேன்.

தீர்வு விம்முக்குள்ளேயே பல வருடமாக இருந்திருக்கிறது. கீமேப் என்ற வசதி எழுதும் நிலையில் மட்டும் விசைகளை வேறு எழுத்தாக்கும். கட்டளை நிலையில் ஜே எப்போதும் ஜேதான். ஓர் எழுத்தைத் தேடும் எஃப், ஓர் எழுத்தை மாற்றும் ஆர் போன்ற கட்டளைகளுக்குப் பின்னால் தட்டும் எழுத்தை மட்டும் தமிழாகவே எடுத்துக்கொள்ளும். இதைவிட என்ன வேண்டும்? 18 மெய்யோடு 12 உயிரையும் பெருக்கி, புள்ளி வைத்த மெய், இரட்டித்த மெய் எல்லாவற்றையும் ஒரு சின்ன பைத்தான் நிரலால் வரிவரியாக எழுதவைத்து என் சொந்த தமிழ்99 கோப்பை உண்டாக்கினேன். அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதற்குத்தான் போனது. கன்ட்ரோலும் 6உம் சேர்த்துத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். இயங்குதளத்தின் மொழி மாற்றியை இதில் தொடுவதே இல்லை. மெட்ரோவில் ஹலசூருவிலிருந்து காடுகோடி வரை உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் மடிக்கணினியை மடியில் வைத்து இப்படித்தான் எழுதுகிறேன்.

சரி, குறைகள். ஜாவா வேலைக்கு இன்னும் பெரிய ஐடிஇதான் (நிரல் எழுதுவது, இயக்குவது, பிழை தேடுவது எல்லாம் ஒன்றாக உள்ள மென்பொருள்). அதில் விம் விசைகளுக்கான செருகுநிரல் போட்டுக்கொள்கிறேன். திரையைப் பகிர்ந்து இருவர் சேர்ந்து நிரல் எழுதும்போது எதிரிலிருப்பவருக்கு என் வேகம் பின்தொடர முடியாததாக இருக்கிறது. மெதுவாகச் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். வடிவமைப்பு, படம், நோட்புக் (நிரலும் விளைவும் ஒரே பக்கத்தில் வருவது) சார்ந்த வேலை அதிகம் உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தீராத குறை தமிழ் தெரியும் விதம். விம் ஓடும் டெர்மினல் (கட்டளைச் சாளரம்) எல்லா எழுத்துக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்குவதே காரணம். 'கொ' எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறது, கால் தள்ளி நிற்கிறது, சில சொற்களில் கர்சர் ஓரிடமும் எழுத்து ஓரிடமும் இருக்கிறது. கோப்பில் எழுத்துகள் சரியாகத்தான் பதிகின்றன, கண்ணுக்குத்தான் சிரமம். மூன்று டெர்மினல்களை மாற்றிப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் ஏதாவதொன்று பிசகுகிறது. அதனால் நீளமாகத் தமிழ் எழுதி முடித்ததும் அதே கோப்பைப் பிரவுசரில் ஒருமுறை திறந்து, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.