நெரிசலுக்குக் காசா, புகைக்குக் காசா?

முகூர்த்த நாளில் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். முன்னால் கல்யாண வேன் உறுமிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் வெற்றிலைக் கட்டு ஏற்றிய பழைய மொபெட் நீலப் புகை விடும். "ஊருக்குள்ள வர்ற வண்டிக்கெல்லாம் காசு போட்டாத்தான் சரிப்படும்" என்று யாராவது முணுமுணுப்பார்கள். சரி, போடலாம். எதற்கு?

லண்டனில் இரண்டு வகையும் உண்டு. 2003 பிப்ரவரியில் வந்தது நெரிசல் கட்டணம். நடு நகரத்துக்குள் நுழைந்தால் அப்போது நாளுக்கு 5 பவுண்டு. பெட்ரோல், டீசல் வண்டி எவ்வளவு புகை கக்குகிறது என்ற கேள்வியே இல்லை. பைக்குக்கு விலக்கு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால், கடைத்தெருவை அடைத்து நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும்.

2019 ஏப்ரலில் தொடங்கியது புகைக்கான கட்டணம். யூரோ என்பது ஐரோப்பாவின் புகைத் தரம்; எண் கூடினால் விதி கடுமை. பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6, பைக் யூரோ 3 தரத்திலாவது இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. காற்றை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அடி முதலில் விழுவது மொபெட்காரர் தலையில். லண்டனில் பழைய காரைக் கழித்துப்போட 2,000 பவுண்டு வரை கொடுத்தார்கள். இங்கே யார் கொடுப்பது?

இத்தாலியின் மிலன் நகரக் கதை இன்னும் சுவாரசியம். 2008-ல் புகையைப் பார்த்துத்தான் வசூலித்தார்கள். ஜனங்கள் வண்டியை மாற்றிக்கொண்டார்கள், கட்டணம் கட்ட வேண்டியவர்கள் குறைந்தார்கள், தெரு மறுபடி நிரம்பியது. 2012-ல் நெரிசல் கட்டணத்துக்கு மாறி, 5 யூரோ வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம், புது வண்டியானாலும் டயரும் பிரேக்கும் தேய்ந்து தூள் பறக்கத்தானே செய்யும்? நம் தெருப் புழுதியைக் கிளப்ப, நம் நாட்டுப் புகைத் தரமான பிஎஸ் 6-ல் வந்த புது வண்டியே போதும்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006-ல் நெரிசல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தபோது கட்டண எல்லையைக் கடந்த வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அங்கே மெட்ரோ ஓடுகிறது. இங்கே டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான்.

கும்பகோணத்துக்கு என்றால் நான் புகைக் கட்டணத்தை டீசல் வேனிலும் வெளியூர்க் காரிலும் தொடங்குவேன். மொபெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அது வெற்றிலைக் கட்டை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடும். வேன்தான் மண்டப வாசலில் ஏசிக்காக இன்ஜினை அணைக்காமல் பந்தி முடியும்வரை நிற்கும்.