ஒரே தைராய்டு கட்டி, மூன்று அளவுகோல்கள்

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனை நிபுணரிடம் போகும் பலர் கையில் கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். அதில் "2.2 செ.மீ., பாதி நீர், பாதி திடம்" என்று இருந்தால், ஊசியால் செல் எடுத்துப் பார்க்க வேண்டுமா? டாக்டர் எந்த அளவுகோலைப் பின்பற்றுகிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

கட்டி முழுக்க நீர் என்றால் சண்டையே இல்லை. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் டைராட்ஸ் (ஸ்கேனில் தெரிவதை வைத்துக் கட்டியின் ஆபத்தை எடைபோடும் முறை, 2017), ஐரோப்பிய டைராட்ஸ் (2017), அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டி (2015) மூன்றுமே புற்றுநோயைத் தேடி ஊசி வேண்டாம் என்கின்றன. விழுங்கச் சிரமமாக இருந்து நீரை உறிஞ்சுவது வேறு கதை.

கலப்புக் கட்டியில்தான் பிரிகிறார்கள். நம் 2.2 செ.மீ. கட்டியில் திடப்பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கி, விளிம்பு சீராக, சுற்றியுள்ள தைராய்டின் அதே சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதிரியக்கக் கல்லூரியின் கணக்கில் கலப்புக்கு 1, நிறத்துக்கு 1, மொத்தம் 2 மதிப்பெண். இவ்வளவுதான் என்றால் எவ்வளவு பெரிதானாலும் ஊசி தேவையில்லை. ஐரோப்பியர்கள் 2 செ.மீ. தாண்டினால் போடச் சொல்வார்கள். தைராய்டு சங்கமோ திடப்பகுதி ஒதுங்கியிருப்பதையே ஒரு குறியாக எடுத்துக்கொண்டு 1.5 செ.மீ.யிலேயே போடச் சொல்கிறது.

அதே திடப்பகுதி கருமையாகி, பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகளும் தெரிந்தால்? மூவரும் ஒரே குரலில் ஊசி என்பார்கள். அதனால்தான் நீர்க்கட்டிகளுக்குக் கதிரியக்கக் கல்லூரியின் அளவுகோலையே நான் விரும்புகிறேன்: முக்கால்வாசி நீராக இருக்கும் கட்டியின் மொத்த அளவைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தம் கம்மி. திடப்பகுதி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதற்கு அது மதிப்பெண் தராதது மட்டும் எனக்கு உறுத்தல்.

ஆனால் எந்த அளவுகோலும் ஸ்கேன் பார்ப்பவரின் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. பளிச்சென்ற புள்ளிக்குப் பின்னால் வால் நீண்டால் பெரும்பாலும் அது உறைந்த கொலாய்டு (தைராய்டுக்குள் இருக்கும் பசை போன்ற பொருள்), பயமில்லை. வால் இல்லாத பொடிப் புள்ளிக்கு கதிரியக்கக் கல்லூரியின் கணக்கில் 3 மதிப்பெண் ஏறிவிடும். அப்புறம், ஊசி என்று முடிவானால் ஸ்கேன் பார்த்தபடியே திடப்பகுதியில் குத்தச் சொல்லிக் கேளுங்கள். நீரை மட்டும் எடுத்தால் செல்கள் போதாமல் "முடிவு சொல்ல இயலவில்லை" என்று ரிப்போர்ட் வர வாய்ப்பு அதிகம்.